வலது மூலைப் பெயர்

பாலம் தாண்டுவதற்குள் சொல்லிவிடுகிறேன் என்று மங்கையர்க்கரசியிடம் சொல்லியாகிவிட்டது, வண்டியோ நகர்வதாக இல்லை, நகர வேண்டாம் என்றுதான் கோதண்டபாணிக்கும் இருந்தது. போலீஸ் பேண்டின் நீல வேன் காவிரிப் பாலத்தின் நடுவில் ஒரு கரும்பு லாரிக்கும் டவுன் பஸ்ஸுக்கும் இடையில் மாட்டிக்கொண்டு நின்றது. டிரைவர் பீர்முகமது இன்ஜினை அணைத்துவிட்டு ஸ்டியரிங்கின் மேல் முழங்கையை ஊன்றி, முன்னால் நிற்கும் கரும்பையே பார்த்துக்கொண்டிருந்தார். மேற்கில் சாய்ந்த வெயில் நேராகக் கண்ணுக்குள் விழுந்தது. விழா உடுப்பின் கழுத்துப் பட்டை அறுத்தது. ஒரு கொக்கியைக் கழற்றிவிடலாம், பின்னால் இருக்கிற பையன்கள் எல்லோரும் கழற்றிவிட்டுத்தான் உட்கார்ந்திருப்பார்கள், பேண்டு மாஸ்டர் கழற்றக்கூடாது என்று எந்தச் சட்டத்திலும் இல்லை, ஆனாலும் கை போகவில்லை. மடியில் இரண்டு கட்டுத் தாள்கள். மேலே இருப்பது தேசபக்திப் பாட்டுகளின் கதம்பம், கீழே இருப்பது அவருடையது. அவருடையது என்று இத்தனை நாள் அவர் நினைத்துக்கொண்டிருந்தது. "ஐயா, தப்பா நெனைக்காதீங்க, மேடையில ஏறுன பொறவு என்னால எழுத முடியாது," என்றாள் பின்சீட்டிலிருந்து மங்கையர்க்கரசி. ஏட்டு, நிகழ்ச்சிகளில் மைக் பிடிப்பவள். "அஞ்சாவது ஐட்டம், 'நமது பேண்டு மாஸ்டர் கோதண்டபாணி அவர்கள் சொந்தமாக இயற்றிய உச்சிவெயில்'னு போன வாரமே எழுதிட்டேன். காலையில வேணாம்னீங்க. மத்தியானம் யோசிக்கலாம்னீங்க. கதம்பமா, உச்சிவெயிலா, ஏதாச்சும் ஒண்ணு சொல்லுங்கய்யா." சொல்றேம்மா, பாலம் தாண்டுறதுக்குள்ள சொல்லிர்றேன். இதைத்தான் பாலத்தில் ஏறும்போதும் சொன்னார். அவள் பேனா மூடியைக் கடிக்கிற சத்தம் கேட்டது. கரும்பு லாரியின் பின்பக்கத்திலிருந்து ஒரு தோகை தொங்கி ஆடியது, ஒரு சீராக, மெதுவான மூன்று தட்டு, இதற்கும் ஒரு பாட்டுப் போடலாம், எதற்கும் ஒரு பாட்டுப் போடலாம், போட்ட பிறகு அது யாருடையது என்பதுதான் கேள்வி.

பேண்டு நொட்டேஷன் தாளில் வலது மேல் மூலையில்தான் பெயர் வரும். பாட்டை உண்டாக்கியவன் பெயர் மேலே. பேண்டுக்காக அதை மாற்றிக் கொடுத்தவன் பெயர் அதற்குக் கீழே, பொடி எழுத்தில், அரேஞ்ச்மென்ட் இன்னார் என்று. அந்தப் பொடி எழுத்தில்தான் கோதண்டபாணி இத்தனை வருஷம் குடியிருந்தார். சினிமாப் பாட்டு, சாமிப் பாட்டு, தேசபக்திப் பாட்டு, மந்திரி மகன் கல்யாணத்துக்கு மாப்பிள்ளை கேட்ட இந்திப் பாட்டு, எது வந்தாலும் வாங்கிப் பிரித்து, வேறு உடம்புக்குத் தைத்துக் கொடுத்தார். பெரியவனின் சட்டையைச் சின்னவனுக்கு வெட்டித் தைக்கிற தையல்காரன் மாதிரி. துணி அவனுடையது இல்லை, நிறம் அவனுடையது இல்லை, தையல் மட்டும்தான், அதுவும் நன்றாகத் தைத்தால் கண்ணுக்கே தெரியாது. வயலின் வாசிப்பதைக் கிளாரினெட்டுக்குக் கொடு, பாடுகிறவர் குரலை டிரம்பெட்டுக்குக் கொடு, தபலாவைச் சைடு டிரம்முக்குக் கொடு. பேண்டில் ஒரு வாத்தியமும் தன் சொந்தக் குரலில் பேசியதே இல்லை, எல்லாம் யாரோ ஒருவருக்குப் பதிலாள். பயிற்சிப் பள்ளியில் வாத்தியார் ஒருவர் இருந்தார், வெற்றிலை போட்டுக்கொண்டே கண்டக்ட் பண்ணுவார், பேண்டுக்கென்றே எழுதிய இசை உலகத்தில் ஒரு அலமாரிக்குக் காணாது தம்பி, மிச்சமெல்லாம் இரவல் நகை, போட்டுக்கொண்டு நிமிர்ந்து நட, கேட்டால் கழற்றிக் கொடு என்பார். அவர் சிரித்துக்கொண்டு சொன்னதுதான். கோதண்டபாணிக்குத்தான் அது எங்கோ போய் மாட்டிக்கொண்டது. அதைவிட ஆழமாகப் போய் மாட்டியது மகள் அகல்யா கேட்டது. சின்னப் பிள்ளை அப்போது, குடியரசு தின அணிவகுப்பு முடிந்து, தோளில் ரிப்பனும் கையில் லட்டுமாக, அப்பா வாசிச்சதுல உங்க பாட்டு எது என்றாள். எல்லாமே அப்பாதான்டா செல்லம் என்றார். இல்ல, அந்தப் பாட்டு சினிமாவுல வருது, இந்தப் பாட்டு ஸ்கூல்ல பாடுவோம், உங்களோடது எது? அவள் அம்மா வேதவல்லிதான், அப்பாவுக்கு டயர்டா இருக்கு, சும்மா வா என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். குழந்தை அதை அப்போதே மறந்திருக்கும். லட்டு இருந்தது. இன்றைக்கு அகல்யா புருஷனையும் அழைத்துக்கொண்டு, நிகழ்ச்சி நடக்கிற பூங்காவுக்கு வருகிறாள், மதியமே போன் பண்ணினாள், அப்பா, அஞ்சாவதுதானே உங்களோடது, முன்வரிசையில உக்காந்திருவோம்.

உங்களோடது. அந்த வார்த்தையை அவளும் மறக்கவில்லையோ என்னவோ. மறந்திருந்தால் எப்படிச் சரியாக அதே வார்த்தை வரும். சும்மா வருவதுதான், எல்லோருக்கும் வருகிற வார்த்தைதான், இவர் ஒருவர்தான் எதைக் கேட்டாலும் இதை எங்கே கேட்டோம், இதை எங்கே கேட்டோம் என்று நேற்றிலிருந்து. நேற்று முன்னேரம் வரைக்கும் ஒரு குறையும் இல்லை. உச்சிவெயில் மூன்று பாகம். முதல் பாகம் நடை, பரேடு மைதானத்தில் நின்று நின்று காய்ந்த ஒரு மத்தியானம். கடைசிப் பாகமும் நடைதான், கொஞ்சம் வேகமாக. நடுப்பாகத்தில் நடை நின்றுவிடும், டிரம் எல்லாம் ஓய்ந்துவிடும், யூஃபோனியம் மட்டும் தனியாக எழுந்து ஒரு மெட்டு வாசிக்கும். யூஃபோனியத்துக்குத் தனி மெட்டு கொடுப்பவர்கள் யார், மடியில் குழந்தையை வைத்துக்கொண்டிருப்பதுபோல் அணைத்து ஊதுகிற அந்தப் பித்தளை வாத்தியத்தை ஜனங்கள் பெயர் சொல்லிக் கேட்டதே இல்லை, அடியில் கிடந்து மற்றவர்களைத் தாங்குவதே அதன் பிழைப்பு. அதற்கு ஒரு சொந்தக் குரல் கொடுக்க வேண்டும் என்றுதான் நினைத்தார். அந்த மெட்டு ஒரு நாள் ரேஷன் கடை வரிசையில் நிற்கும்போது தானாக வந்தது, எந்த முயற்சியும் இல்லாமல், யாரோ கையில் கொண்டுவந்து வைத்ததுபோல. அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும். மற்ற இரண்டு பாகங்களுக்கு மாதக்கணக்கில் முட்டி மோதினார், அதில் குற்றம் ஒன்றும் சொல்ல முடியாது, உயிர் ஒன்றும் சொல்ல முடியாது. ஒத்திகையில் பையன்கள் முதல் பாகத்தைக் கடமைக்கு ஊதுவார்கள். நடுப்பாகம் வரும்போது மட்டும் சத்தமில்லாமல் எல்லோரும் நிமிர்ந்து உட்காருவார்கள். அதைப் பார்த்துப் பார்த்து அவர் பூரித்துப்போயிருந்தார். நேற்று நடுப்பாகம் போய்க்கொண்டிருக்கிறது, டீ ராசு பட்டாலியன் மெஸ்ஸிலிருந்து தூக்குவாளியும் கிளாஸுமாக உள்ளே வந்தான், வழக்கம்போல ஓரமாக வைத்து ஊற்ற ஆரம்பித்தான், ஊற்றிக்கொண்டே தன்பாட்டுக்கு முனகினான். முனகியது அந்த மெட்டை. அதுகூடப் பரவாயில்லை, நாலு நாளாகக் கேட்கிறான், ஒட்டிக்கொண்டிருக்கும். ஆனால் யூஃபோனியம் மூச்சுக்கு நிறுத்தியபோது அவன் நிறுத்தவில்லை. அடுத்த வரியை அவன் முந்திக்கொண்டு முனகினான். இன்னும் வாசிக்காத வரியை. அதுவும் சரியாக, அந்த ஒரு விசித்திரமான இறக்கத்தோடு.

ராசு, இது என்ன பாட்டு தெரியுமா உனக்கு என்று கேட்டபோது அவன் பயந்துபோய்விட்டான், இல்லீங்கய்யா, பழைய பாட்டு ஏதோ, வாய்ல வந்துச்சு, சத்தம் போட்டுட்டேங்களா என்று கிளாஸைக் கீழே வைத்தான். பழைய பாட்டு ஏதோ. அந்த மூன்று வார்த்தை இரவெல்லாம் தலையணைக்கடியில் கிடந்தது. காலையில் சவரம் செய்யும்போது கன்னத்தில் நுரையோடு நின்றுவிட்டார். எனக்கும் தெரியும். இதை நான் முன்னாலேயே கேட்டிருக்கிறேன், எழுதியபோது கேட்டதல்ல, அதற்கு வெகு முன்னால், எங்கோ, காற்று அடித்துக்கொண்டிருந்தது, அதற்கு மேல் போக முடியவில்லை. சீக்கிரமே போய் பேண்டு அறையின் அலமாரியைத் திறந்து தான் அரேஞ்ச் செய்த தாள்கள் எல்லாவற்றையும் புரட்டினார். தூசி தொண்டையில் இறங்கியது. எதிலும் இல்லை. எந்தப் பாட்டின் எந்த வாத்தியத்தின் தாளிலும் அந்த மெட்டு இல்லை. இல்லையென்றால் நிம்மதி வர வேண்டுமே, வரவில்லை, இல்லையென்றால் வேறெங்கோ இருக்கிறது என்றுதான் அர்த்தம், தான் பார்க்காத இடத்தில், பூங்காவில் முன்வரிசையில் உட்காரப்போகிற யாரோ ஒரு ஓய்வுபெற்ற தலைமையாசிரியரின் வாயில். அவர் முதல் இறக்கத்திலேயே தலையாட்டிச் சிரிப்பார். பக்கத்தில் இருக்கிறவரிடம் படத்தின் பெயரைச் சொல்வார். அது அப்படியே வரிசை வரிசையாகப் போகும், அகல்யாவின் மாப்பிள்ளை காது வரைக்கும். மாப்பிள்ளை நல்லவர், ஒன்றும் சொல்லமாட்டார், அதுதான் கஷ்டம். அகல்யா போகும்போது, சூப்பர்ப்பா என்பாள், அந்த சூப்பரில் ஒரு துளி குறைந்திருக்கும், அந்தத் துளி அவருக்கு மட்டும் தெரியும். இத்தனை பாட்டுகளை அள்ளிப் போட்ட மண்டையில் எது தன்னுடையது என்று யார் பிரித்துச் சொல்வது. வண்ணான் துறையில் துணி மாறிப்போவதில்லையா. திருடன்கூடப் பரவாயில்லை, எடுக்கிறோம் என்று தெரிந்து எடுக்கிறான். கதம்பத்தை வாசித்துவிட்டுப் போகலாம். கதம்பத்தில் ஒரு பயமும் இல்லை. எல்லாம் அடுத்தவன் பாட்டு, எல்லோருக்கும் தெரியும், கைதட்டுவார்கள், வலது மூலையில் கீழே பொடி எழுத்து, பழகிய வீடு. இந்த வயதுக்கு மேல் புதுவீடு எதற்கு. சொல்லிவிட வேண்டியதுதான், மங்கை, கதம்பம்னு போட்டுக்கம்மா. வாயைத் திறந்தார். கரும்பு லாரி ஒரு அடி உறுமி நகர்ந்து நின்றது. பீர்முகமது இன்ஜினைப் போட்டுத் திரும்ப அணைத்தார். கோதண்டபாணி வாயை மூடிக்கொண்டார்.

வேனின் பின்பக்கத்தில் வழக்கமான கூத்து. பெரிய டிரம்முக்குப் பக்கத்தில் இடமில்லை என்று சண்டை, எவனோ ஒருவன் வாங்கிவந்த வேர்க்கடலைக்கு நாலு கை. "ஏம்ப்பா, ஆத்துல தண்ணியக் காணோம்?" "நேத்து நீ குளிச்சல்ல, அதான்." "லூர்து அண்ணே, தண்ணியில்லாத ஆத்துக்கு ஒரு படகுப் பாட்டு ஊதுங்க, வந்தாலும் வரும்." "போடா, உங்கொப்பன் ஊதுவான்." லூர்துநாதனின் குரல் கரகரவென்று வந்தது. அவரும் கோதண்டபாணியும் ஒரே வருஷம் வேலைக்குச் சேர்ந்தவர்கள். லூர்துவுக்கு இவர் உடுப்புப் போட்டால் மாஸ்டர், கழற்றினால் கோதண்டம். யூஃபோனியம் லூர்துவின் கைக்கு வந்ததிலிருந்து வேறு கைக்குப் போனதில்லை, இப்போதும் வாத்தியத்தைப் பெட்டியில் வைக்காமல் துண்டில் சுற்றி மடியில் வைத்திருப்பார், திரும்பிப் பார்க்காமலே தெரியும். உதட்டைச் சூடுபடுத்த வேண்டும் என்று மவுத்பீஸை மட்டும் கழற்றி ஊத ஆரம்பித்தார். மவுத்பீஸ் தனியாக ஊதினால் வாத்து கத்துவதுபோல் இருக்கும், பையன்கள் சிரித்தார்கள். படகு, படகு என்று யாரோ கைதட்டினான். கிளாரினெட்காரன் ஒருவன் அந்தப் பழைய சினிமாப் பாட்டை வாயால் பாட ஆரம்பித்தான், ஐந்தே சுரத்தில் துடுப்புப் போடுவதுபோல ஏறி இறங்கும் பாட்டு, ஒரு காலத்தில் இவர்கள் வாசிக்காத மேடையில்லை, அப்புறம் வேறு பாட்டுகள் வந்து அது அலமாரிக்குப் போய்விட்டது. பாட்டு மேலே போனது. வாத்துச் சத்தம் கீழே வேறொரு வழியில் போனது. பாட்டுக்கு அடியில், பாட்டோடு ஒட்டியும் ஒட்டாமலும், பாடுகிறவன் மூச்சு வாங்கும் இடத்தில் நுழைந்து, அந்த விசித்திரமான இறக்கத்தில் இறங்கியது. அதே மெட்டு. ரேஷன் கடை வரிசையில் தானாக வந்த மெட்டு.

காற்று. காற்றுதான் அது, சரி, மைதானத்தில் காற்று, பொங்கல் முடிந்த கையோடு நடந்த ஏதோ ஒரு ஒத்திகை, அலுமினிய ஸ்டாண்டுகள் எல்லாம் ஒரே நேரத்தில் சாய்ந்து தாள்கள் மைதானம் முழுக்கப் பறந்தன. டிஐஜி பார்வையிட வரும் நேரம். எல்லோரும் ஓடி ஓடிப் பொறுக்கிக் கையில் கிடைத்ததை ஸ்டாண்டில் வைத்தார்கள். சாக்ஸபோன்காரனுக்கு இவர் படகுப் பாட்டில் ஒரு பக்கவரி எழுதியிருந்தார், மூலப் பாட்டில் வயலின்கள் செய்கிற வேலை, அந்தத் தாள் லூர்துநாதனின் ஸ்டாண்டுக்குப் போய்விட்டது. ஒரே தாளை இரண்டு வாத்தியத்தில் வைத்தால் ஒரே சுருதியில் ஒலிக்காது. சாக்ஸபோனுக்கு எழுதியதை யூஃபோனியத்தில் ஊதினால் பாட்டு முழுதும் நாலு சுரம் கீழே இறங்கிவிடும். நியாயமாகப் பார்த்தால் அபஸ்வரமாகிக் கேட்க முடியாமல் போயிருக்க வேண்டும், அது ஐந்து சுரத்துப் பாட்டு என்பதால் பிழைத்தது. இறங்கிய இடத்திலும் நாலு சுரம் பாட்டின் சுரத்தோடேயே போய் உட்கார்ந்துகொண்டது. ஐந்தாவது மட்டும் உட்காரவில்லை. அந்தப் பாட்டின் மோகன ராகத்தில் இல்லாத நிஷாதம் ஒன்று, அழைக்காத வீட்டுக்குள் எட்டிப் பார்க்கிறவன்போல, நுழைந்து தலை குனிந்து வெளியே போனது. இவருக்குக் குச்சி நின்றுவிட்டது, ஒரு கணம்தான். யார் தப்பு விட்டது என்று கண் தேடிப் போனது, லூர்துநாதன் கண்ணை மூடிக்கொண்டு ஊதிக்கொண்டிருந்தார், தாள் மாறியதே தெரியாமல். ஒத்திகை முடிந்ததும் கூப்பிட்டுச் சொல்லத்தான் நினைத்தார். லூர்து, அந்த நிஷாதம். டிஐஜி வந்துவிட்டார். மறுநாள் சொல்ல நினைத்தார். மறுநாள் சாக்ஸபோன்காரன் தன் தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டான், ஆனால் லூர்து மனப்பாடமாகவே அதை வாசித்தார், தன் தாளில் இருக்கிற பும் பும் அவருக்கு அலுத்திருந்தது. அதற்கு அடுத்த நாள் சொல்லவில்லை. அப்புறம் சொல்லவே இல்லை. படகு வாசித்த வருஷமெல்லாம் அது அடியில் ஓடியது, ஜனங்கள் படகைப் பாடினார்கள், அடியில் ஓடியதை யாரும் கேட்கவில்லை, ஓரமாக டீ ஊற்றிக்கொண்டிருந்த ராசுவைத் தவிர. எந்த அலமாரியிலும் அது ஏன் இல்லை என்றால், அந்த நிஷாதத்தோடு அதை யாரும் எழுதவே இல்லை.

அப்படியானால் யாருடையது. முதலில் பாட்டுப் போட்டவனுடையதா, அவன் வயலினுக்குக் கொடுத்தது வேறு. அதைச் சாக்ஸபோனுக்குத் தைத்த தன்னுடையதா, தான் எழுதிய சுருதியில் அது இல்லை. காற்றுடையதா. லூர்துவுடையதா. கோதண்டபாணி சீட்டில் உடம்பைத் திருப்பினார், இடுப்பு பிடித்துக்கொண்டது, மங்கையர்க்கரசியின் தலைக்கு மேலாகப் பின்னால் பார்த்து, "லூர்து, இங்க வா" என்றார். பையன்களின் சிரிப்பு அடங்கிவிட்டது, பாலத்தில் ஊதியதற்குத் திட்டு விழப்போகிறது என்று. லூர்துநாதன் மவுத்பீஸைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, டிரம்களைத் தாண்டி, சீட்டுகளைப் பிடித்துப் பிடித்து முன்னால் வந்தார்.

"என்ன மாஸ்டர்?"

"இப்ப ஊதினியே, அது என்ன?"

"அது படகுக்கு நம்ம ஊதுறதுதான். ஏன், மறந்துபோச்சா?"

"உச்சிவெயில்ல நடுவுல வர்றது?"

லூர்துநாதன் சிரித்தார். மேல்வரிசைப் பல் ஒன்று போனதிலிருந்து வாயை மூடிக்கொண்டுதான் சிரிப்பார், இப்போது மூடவில்லை. "இப்பவாச்சும் கேட்டீங்களே. மொத நாள் தாளப் பாத்ததுமே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. அந்தத் துக்கிரி சுரம் வரைக்கும் அப்படியே எழுதியிருந்தீங்க. சரி, மாஸ்டர் நமக்காக வச்சிருக்காரு, வெளிய சொன்னா நல்லாருக்காதுன்னு பேசாம இருக்காரு, நாமளும் பேசாம வாசிப்போம்னு இருந்தேன். வீட்ல மட்டும் சொன்னேன். எம்பொண்டாட்டி இத்தனை வருஷத்துல ஒரு புரோகிராமுக்கு வந்ததில்ல, உங்க ஊதலக் கேக்க அம்புட்டுத் தூரம் வரணுமாம்பா. இன்னிக்கு வர்றா." பிறகு சட்டென்று குரலைத் தாழ்த்தினார். "ஏன் மாஸ்டர், கதம்பம்னு மாத்திட்டீங்களா? மங்கை சொல்லுச்சு."

தெரிந்து வைத்தது என்று லூர்து நினைத்திருக்கிறான். கொடுத்தது என்று நினைத்திருக்கிறான். இல்லை லூர்து, நான் உன்னை நினைக்கவே இல்லை, என் பெயரை மேலே போட்டுக்கொள்ள வேண்டும் என்று மட்டும்தான் நினைத்தேன், உன்னிடமிருந்து எடுத்தேன் என்றுகூட எனக்குத் தெரியாது. இதைச் சொல்லலாம். சொன்னால் யாருக்கு என்ன லாபம். சொல்லாவிட்டால் கொடுக்காத ஒன்றுக்குப் பெருமையை வாங்கிக்கொள்வதாகும். எப்படிப் புரட்டினாலும் ஒரு பக்கம் இரவலாகவே வருகிறது. களைப்பாக இருந்தது. நேற்றிலிருந்து தேடிய அலுப்பு இல்லை இது, பயிற்சிப் பள்ளியிலிருந்து, வெற்றிலைச் சிரிப்பிலிருந்து, லட்டுக் கையிலிருந்து ஏறிய களைப்பு. பயந்ததுபோல் எவனோ ஒரு இசையமைப்பாளனிடம் திருடவில்லை, அந்தத் தலைமையாசிரியர் தலையாட்ட வழியில்லை, கூட்டத்தில் ஒருவருக்கும் இது தெரியாது. தைரியமாகச் சொந்தம் என்று சொல்லிக்கொள்ளலாம், உலகத்தில் மறுத்துப் பேசக்கூடிய ஒரே ஆள் எதிரில் நின்று சிரித்துக்கொண்டிருக்கிறான், அவனும் மறுக்கமாட்டான். இதைவிடச் சுலபமாக ஒரு பெயர் வலது மூலைக்கு ஏறிவிட முடியாது. அந்தச் சுலபம்தான் கழுத்துப் பட்டையைவிட அதிகமாக அறுத்தது. சொந்தமாக முட்டி மோதி எழுதிய இரண்டு பாகத்திலும் பையன்கள் நிமிரவில்லை. நிமிர்ந்தது இவன் கண்ணை மூடிக்கொண்டு தப்பாக ஊதியதற்கு. பின்னால் ஹாரன் அடித்தார்கள். கரும்பு லாரி நகர்ந்தது, இந்த முறை நிற்கவில்லை. "புடிச்சுக்கங்க லூர்து அண்ணே," என்று பீர்முகமது கியரைப் போட்டார். லூர்துநாதன் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றார், பதிலுக்கு. பாலத்தின் கடைசித் தூண் பின்னால் போனது.

"ஐயா, பாலம் தாண்டிருச்சு," என்றாள் மங்கையர்க்கரசி.

"உச்சிவெயில்தான்."

"அப்ப 'சொந்தமாக இயற்றிய'ங்கறது இருக்கட்டுங்களா?"

"அத அடிச்சிரு. இசை லூர்துநாதன். அரேஞ்ச்மென்ட் கோதண்டபாணி. அப்படிப் படி."

பேனா நின்றது. லூர்துநாதனின் முகத்தில் பயம்தான் வந்தது. "மாஸ்டர், விளையாடாதீங்க. நான் ஒரு வரி எழுதுனதில்ல. தாள் மாறுனதுக்கெல்லாம் பாட்டா? நான் விட்ட தப்ப மைக் போட்டுச் சொல்லணுமா?" பின்னாலிருந்து ஒரு குரல், "அண்ணே, அப்படிப் பாத்தா உங்க பேர்ல ஏழெட்டுப் படத்துக்குப் பாட்டு இருக்கும்ணே" என்றது, வேன் முழுக்கச் சிரித்தது, லூர்துநாதன் திரும்பி ஒரு கெட்ட வார்த்தை சொல்லிவிட்டு மங்கையர்க்கரசியைப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டார். கோதண்டபாணி சிரிக்கவில்லை. "முழுசா உன்னோடதுன்னு சொல்லல. எழுதினது நான். எடுத்தது உங்கிட்ட. அதுக்கு நம்ம தொழில்ல இருக்கிற வார்த்தை அதான். போய் உக்காரு, உதடு ஆறிடப்போவுது." கழுத்துக் கொக்கியைக் கழற்றினார். கழற்றிய பிறகுதான் எவ்வளவு நேரமாக அது அறுத்துக்கொண்டிருந்தது என்று தெரிந்தது. நன்றாகச் செய்தோம் என்று ஒன்றும் தோன்றவில்லை. ஏதோ ஒன்று கையை விட்டுப் போனதுதான் தெரிந்தது, பஸ் போன பிறகு நிறுத்தத்தில் நிற்கிறவனுடைய அமைதி மாதிரி ஒன்று, இனி அவசரப்பட வேண்டியதில்லை. அகல்யாவுக்கு என்ன சொல்வது என்பது மட்டும் மிச்சமிருந்தது.

பூங்காவில் புது பேண்டு மேடையைச் சுற்றி பிளாஸ்டிக் நாற்காலிகள் நிறைந்திருந்தன. முதல் நாலு ஐட்டம் எப்படிப் போனது என்று கேட்டால் அவரால் சொல்ல முடியாது, கை தன்பாட்டுக்குத் தாளம் போட்டது, கைதட்டல் வந்தது, குழந்தைகள் மேடை ஓரத்தில் ஆடின. அகல்யா சொன்னபடி முன்வரிசையில், மாப்பிள்ளை கையில் செல்போனை உயர்த்திப் பிடித்திருந்தார். மங்கையர்க்கரசி மைக்கை வாங்கினாள். உச்சிவெயில், இசை லூர்துநாதன், அரேஞ்ச்மென்ட் கோதண்டபாணி. லூர்துநாதன் எழுந்து நிற்பதா வேண்டாமா என்று பாதி எழுந்து யூஃபோனியத்தோடு குனிந்தார். மூன்றாவது வரிசையில் ஒரு பெண் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள், லூர்துவின் மனைவியாகத்தான் இருக்க வேண்டும். அகல்யா சிரிக்கவில்லை. புருவத்தைச் சுருக்கி அப்பாவைப் பார்த்தாள், தலையை லேசாகச் சாய்த்து, என்ன என்பதுபோல, லட்டுக் கையோடு பார்த்த அதே பார்வை. நிகழ்ச்சி முடிந்ததும் வந்து கேட்பாள், கேட்காமல் இருக்கமாட்டாள், அப்ப இதுல உங்களோடது எதுப்பா. என்ன சொல்வது. ஒரு நாள் ஒருத்தன் ஒரு சுரத்தைத் தப்பாக வாசித்தான், நான் கேட்டேன், திருத்தவில்லை, அதுதான் என்னுடையது என்று சொன்னால் அவளுக்குப் புரியுமா, தனக்கே புரிகிறதா. அவர் திரும்பிக் கூட்டத்துக்கு முதுகைக் காட்டி நின்று குச்சியை உயர்த்தினார். ஆற்றுப் பக்கமிருந்து ஒரு காற்று வந்தது. ஸ்டாண்டுகளில் தாள்கள் படபடத்தன, சாக்ஸபோன் வரிசையில் ஒரு தாள் ஓரம் கிளம்பி நிமிர்ந்து நின்றது, பையன்கள் அவசரமாகப் பாக்கெட்டில் கிளிப்பைத் தேடினார்கள், ஒருவன் ஒரு நிமிஷம் மாஸ்டர் என்று கண்ணாலேயே கெஞ்சினான். லூர்துநாதன் தாளைப் பார்க்கவில்லை, கண்ணை மூடிக்கொண்டிருந்தார். கிளிப் மாட்டுகிற வரைக்கும் கோதண்டபாணி காத்திருக்கவில்லை. முதல் தட்டுக்குக் கையை இறக்கினார்.